வைத்திருப்பு

"மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று தொடங்கும் கடிதங்களை எழுதியே பூங்கோதை ஏழு வருடங்களாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள். அவற்றில் ஒன்றுகூட மகிழ்ச்சியான செய்தியைச் சொன்னதில்லை.

எழுதி முடித்து எழுந்திருக்கும்போது சில நாட்களில், ஆறிப்போன பாலின் ஆடை அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். வாய் கொப்பளிப்பாள். போகாது. அலுவலகத்தின் எலுமிச்சைப் புல் வாசனையும் ஏலக்காய்த் தேநீரும் அதன் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பல் மருத்துவரிடம்கூட ஒருமுறை போய்வந்தாள். பல்லில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் வேலை பார்த்த கம்பெனியின் கருவிக்குக் கரம் என்று பெயர். என்ன வேண்டும் என்று பேச்சுத்தமிழில் சொன்னால் போதும், கணினிக்கான நிரலை அதுவே எழுதிவிடும். வந்த புதிதில் எல்லாரும் அதை வேடிக்கைதான் பார்த்தார்கள். மூன்றாவது வருடத்தில் கல்லூரிகள் நிரல் எழுதும் பாடத்தை எடுத்துவிட்டன. ஐந்தாவது வருடத்தில் கோயம்புத்தூரில் தன் கையால் நாற்பது வரி எழுதக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றானது. பூங்கோதையும் ஒரு காலத்தில் நிரல் எழுதியவள்தான். அந்த வேலை போனபோது, நன்றாகத் தமிழ் எழுத வருகிறதே என்று கரம் கம்பெனியே அவளை எடுத்துக்கொண்டது. தன் வேலையைத் தின்றதன் வாயை இப்போது அவள்தான் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் கடிதம், எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பது முடிந்து, ஐந்து மணி நேரத்துக்கு இவ்வளவுதான் என்று ஆனபோது எழுதியது. அடுத்தது வாரக் கணக்குக்கு. பிறகு யூனிட் வந்தது. அதன் பிறகு, யூனிட் அதேதான், ஆனால் கனமான வேலைக்கு அதிக யூனிட் என்றார்கள். எது கனம் என்று கேட்டவர்களுக்குப் பதில் எழுதியதும் அவள்தான்: "பணியின் தன்மையைப் பொறுத்து இது சற்று மாறுபடலாம்." சற்று என்ற சொல்லை எங்கே வைத்தால் வலிக்காது என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக் கரண்டுக்காவது சுவரில் மீட்டர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். இதில் நின்ற பிறகுதான் நின்றது தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை பிரணவ் அவள் மேசைக்கு வந்தான். விலைத் திட்டங்களுக்கு அவன்தான் தலைவன். அவளைவிடப் பதினோரு வயது இளையவன். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்த அலுவலகத்தில் அவளை மட்டும் அக்கா என்பான். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது தோளில் யாரோ கை போடுவது போல இருக்கும்.

"கோதைக்கா, ஒரு அருமையான லெட்டர் வேணும். இனிமே எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. தேவைத் திட்டம்."

"தேவைன்னா?"

"ஒருத்தருக்கு அந்த வேலை எவ்வளவு அவசியம்னு கரத்துக்குத் தெரியும்ல? எத்தனை தடவ கேட்டதையே கேக்கறாங்க, எழுத்துல எவ்வளவு பதட்டம், எந்தத் தேதிக்குள்ள முடிக்கணும், கரம் இல்லாட்டித் தானா எழுதிக்குவாங்களா மாட்டாங்களா. எல்லாத்தையும் பாத்து அளவ அதுவே முடிவு பண்ணிக்கும். அவசியம் ஜாஸ்தின்னா கொஞ்சம் முன்னாடியே நிக்கும். நின்னா அவசர யூனிட் வாங்கிக்கலாம்."

"அப்ப ரொம்ப வேணுங்கறவங்களுக்குத்தான் சீக்கிரம் நிக்கும்."

"அப்படிப் பச்சையாச் சொல்லாதீங்கக்கா. அதை வேற மாதிரிச் சொல்லத்தானே நீங்க இருக்கீங்க." சிரித்தான். நல்ல பல்வரிசை அவனுக்கு.

அவள் எழுதினாள். 'உங்கள் தேவையை உணர்ந்து, உங்களோடு சேர்ந்தே வளரும் புதிய திட்டம்.' கடைசிப் பத்திக்கு வந்ததும் கை நின்றது. அவளுடைய கடிதங்கள் எல்லாமே ஒரே வரியில்தான் முடியும்: 'கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்காமல் ஒன்றாகத் தொகுத்துக் கேளுங்கள், யூனிட் மிச்சமாகும்.' நாலு வருடத்துக்கு முன் யாரும் சொல்லாமல் அவளாகச் சேர்த்த வரி அது. அப்போது அது உண்மை. தான் எழுதியவற்றில் யாருக்காவது உதவிய வரி என்றால் அது ஒன்றுதான் என்று மனதுக்குள் ஒரு சின்னப் பெருமை வைத்திருந்தாள்.

"ஒண்ணாச் சேத்துக் கேட்டா, இனிமே அதை அவசரம்னுதானே எடுத்துக்கும்?" என்று பிரணவைக் கேட்டாள்.

"ஆமா, எடுத்துக்கும்."

"அப்ப இந்தக் கடைசி வரியை எடுத்துடறேன்."

"ஐயோ, வேண்டாம்கா. நம்ம லெட்டர்ல ஜனங்க நம்பற வரி அது ஒண்ணுதான். சர்வேல பாத்துருக்கோம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவள் விட்டுவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் மிரட்டவில்லை. யாரும் அவள் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. திரையில் அந்த வரி இருந்தது, எடுக்க ஒரு விரல் போதும், அந்த விரலை அவள் தூக்கவில்லை. பிறகு எழுந்து போய் வாய் கொப்பளித்தாள்.

ஒன்பது நாள் கழித்துக் காலை பத்தரை மணிக்கு மெகருன்னிசா போன் செய்தாள். இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. மெகரு மட்டும் யாரிடமும் வேலைக்குப் போகாமல், சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளின் இயந்திரங்களுக்கு நிரல் பார்த்துக்கொடுக்கும் கம்பெனி ஒன்றை ஒற்றை ஆளாக நடத்திக்கொண்டிருந்தாள். கம்பெனி என்பது அவளும் அவள் மடிக்கணினியும் ஒரு பழைய ஸ்கூட்டரும்.

"கோதை, நான் பல்லடத்துல டயாலிசிஸ் சென்டர்ல இருக்கேன்டி. ஒரு பெரிய வம்புல மாட்டிக்கிட்டேன்."

பின்னால் பலர் பேசும் சத்தம். யாரோ இருமினார்கள்.

"என்னாச்சு?"

"தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்டுல சென்சார் போயிருச்சு. நேத்து புதுசு மாட்டுனாங்க. புதுசு வேற கணக்குல அளவு சொல்லுது. அதுக்கேத்த மாதிரி ப்ரோகிராமை மாத்தணும். சின்ன வேலைதான். கரம் பாதி மாத்துச்சு, அப்படியே நின்னுருச்சு. இப்பப் பாதி பழசு, பாதி புதுசு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசமாட்டேங்குது. வால்வு திறக்கவே மாட்டேங்குதுடி. தண்ணி இல்லாம எட்டு மெஷினும் சும்மா நிக்குது."

"பழையபடி மாத்திரு."

"பழைய ப்ரோகிராமுக்குப் பழைய சென்சார் வேணும். அது செத்துப்போச்சு. வயித்தைக் கிழிச்சு வெச்சுட்டு டாக்டர் டீ குடிக்கப் போன மாதிரி இருக்கு."

"அவசர யூனிட்?"

"ஒரு தடவ வாங்குனேன். நாலு வரி குடுத்துட்டு நின்னுச்சு. இப்பக் கேட்டா மூணு மடங்கு சொல்லுது. நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஏறுதுடி. கட்டலைன்னா நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குத்தான் அடுத்த அளவாம்." மெகருவின் குரல் தாழ்ந்தது. "இவ்வளவுக்கும் நான் உன் லெட்டர்ல இருந்த மாதிரியேதான் பண்ணுனேன். ஒவ்வொண்ணாக் கேக்காம எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து, கடைசியில சீக்கிரம் வேணும், பேஷன்ட்டுங்க காத்திருக்காங்கன்னு வேற எழுதுனேன்."

பூங்கோதையின் வாய்க்குள் ஆடை படர்ந்தது. நாக்கால் அதைத் தள்ளிப் பார்த்தாள்.

"பேஷன்ட்டுங்க எத்தனை பேர்?"

"பதினாறு பேர். ஆறு பேர திருப்பூருக்கு அனுப்பியாச்சு. மீதிப் பேருக்கு அங்க இடமில்ல. ஒருத்தர் இருக்காரு, நாச்சிமுத்துன்னு. பஸ் கண்டக்டரா இருந்தவரு. திங்கக்கிழமை வரலையாம், பேத்திக்குச் சீராம். அஞ்சு நாள் தண்ணியெல்லாம் அப்படியே உடம்புல. முகம் வீங்கி உக்காந்துருக்காரு. மூச்சு விடறதே..."

அதற்குள் இன்னொரு குரல் போனுக்குப் பக்கத்தில் கேட்டது. கரகரப்பான, வாங்கி வாங்கி விடும் மூச்சுக்கு நடுவே வந்த குரல். "ஆருங்க அம்மிணி போன்ல? கரங்காரங்களா? என்றகிட்டக் குடுங்க. முப்பது வருசம் பஸ்ல டிக்கெட் கிழிச்சவன் நானு. சீட்டு இல்லீன்னாக்கூட நிக்க வெச்சாவது கூட்டிட்டுப் போயிருக்கறனுங்க. நடு ரோட்டுல எறக்கிவுட்டதில்லீங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு இருமல். அந்த இருமல் நீண்டுகொண்டே போனது.

"அரை மணி நேரம் குடு," என்றாள் பூங்கோதை.

கடிதம் எழுதுகிறவள் என்பதால் வாடிக்கையாளர்களின் பக்கங்களை உள்ளிருந்து பார்க்க அவளுக்கு அனுமதி உண்டு. எந்தச் சொல்லைப் படித்ததும் ஒருவர் பணம் கட்டினார், எந்தச் சொல்லில் கோபப்பட்டு மூடிவிட்டார் என்று அறிந்துகொள்வதற்காகக் கொடுத்த அனுமதி. மெகருவின் பக்கத்தைத் திறந்தாள். மேலே தேவை மதிப்பெண் என்று ஒரு கட்டம், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. ஒருவர் எவ்வளவு தவிக்கிறார் என்பதற்குப் பரீட்சையில் போடுவது போல மதிப்பெண் போட்டிருந்தார்கள். கீழே வேலையின் விவரம். அதை இரண்டு முறை படித்தாள்.

'கோரிக்கை வந்தது 10:04:11. பணி முடிந்தது 10:04:31. மொத்தம் அறுபத்து நான்கு வரிகள். வழங்கியது பதினெட்டு. நிலை: வைத்திருப்பு.'

வைத்திருப்பு. ஏழு வருடத்தில் இந்தச் சொல்லை அவள் பார்த்ததில்லை. சொடுக்கினாள். மீதி நாற்பத்தாறு வரிகளும் அங்கே இருந்தன, முழுசாக, நேர்த்தியாக. கரம் இருபது நொடியில் வேலையை முடித்துவிட்டிருந்தது. நின்றுபோனது என்பதே நடக்கவில்லை.

ஒரு கணம் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு பாத்திரத்தின் அடியில் எதையோ கண்டவள் போல, ஏழு வருடக் கடிதங்களின் சொற்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அளவு, வரம்பு, எல்லாருக்கும் சமமாகக் கிடைக்க, சற்றுப் பொறுத்திருங்கள். தட்டுப்பாடு இருக்கிறது என்று நம்பித்தானே அவள் எழுதினாள்? நம்பினாளா? நம்புவது வசதியாக இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று இப்போது தோன்றியது.

பிரணவின் அறைக்குள் போனாள்.

"பல்லடத்துல ஒரு டயாலிசிஸ் சென்டர். வேலை முடிஞ்சிருக்கு. குடுக்கலை."

அவன் பதறவில்லை. நாற்காலியைக் காட்டினான். அவள் உட்காரவில்லை.

"ஓட்டல்ல சாப்பாடு ரெடியா இருக்கு, பில்லு போட்டாத்தான் பரிமாறுவோம். அந்த மாதிரிதான்கா இது."

"ஓட்டல்ல சோறு இல்லைன்னு பொய் சொல்லமாட்டாங்க. இங்க நின்னுபோச்சுன்னு சொல்றோம்."

"நின்னுபோச்சுன்னு நாம எங்க சொன்னோம்? 'அளவு நிறைவடைந்தது'னுதானே சொன்னோம்? நீங்க எழுதுனதுதானே. சூப்பர் வரிக்கா அது."

"எப்ப இருந்து இப்படி?"

"நீங்க எழுதுன முதல் லெட்டர் போன கொஞ்ச நாள்லேருந்தே. மெஷினுக்கு எங்கக்கா களைப்பு? முதல்ல கொஞ்ச நாள் நெஜமாவே இடம் பத்தலை. அப்புறம் பத்துச்சு. ஆனா ஜனங்களுக்கு அளவு பழகிருச்சு. பழகுனதை ஏன் மாத்தணும்?"

"அங்க ஒருத்தருக்கு மூச்சுத் திணறுது, பிரணவ். அதை மட்டும் விட்டுருங்க. ஒரே ஒரு பட்டன்."

முதல் முறையாக அவன் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. ஆனால் அது நாச்சிமுத்துவுக்கான சங்கடம் இல்லை. "நான் கை வெச்சா அதோட கணக்கு கெட்டுரும்கா. இப்பத்தான் ஆஸ்பத்திரிக்காரங்க எவ்வளவு நேரம் தாங்குவாங்கன்னு கத்துக்கிட்டு இருக்கு. நடுவுல விட்டுக்குடுத்தா, விட்டுக்குடுப்பாங்கன்னு ஜனங்களும் கத்துக்கும். கவலைப்படாதீங்க, கட்டிருவாங்க. கடைசியில எல்லாரும் கட்டிருவாங்க."

அந்த அறையிலும் எலுமிச்சைப் புல் வாசனைதான்.

இடத்துக்கு வந்தாள். திரையைப் படமெடுக்க முடியாது. போனைக் காட்டினால் திரை கறுத்துப்போகும். நகலெடுத்தால் யாருக்கோ தகவல் போகும். ஆனால் பேனாவால் எழுதுவதை யாரும் தடுத்துவைத்திருக்கவில்லை. அப்படி ஒரு வழி இருப்பதே அங்கே யாருக்கும் நினைவில்லை. மேசையில் கிடந்த தாள்களைத் திருப்பிப் போட்டாள். தேவைத் திட்டக் கடிதத்தின் அச்சுப் பிரதிகள். அவற்றின் முதுகில் எழுதத் தொடங்கினாள். முதல் பத்து வரிக்குள் விரல் வலித்தது. சில குறிகளை எழுதும்போது கை தயங்கியது, நெடுநாள் கழித்து ஒரு வீட்டுப் படியேறுகிறவளின் கால் மாதிரி.

மாடிப்படிக்குப் போய் மெகருவை அழைத்தாள்.

"நான் படிக்கறேன், நீ தட்டு. பத்தொம்பதாவது வரியிலிருந்து."

"எங்கிருந்துடி கிடைச்சுது?"

"அப்புறம் சொல்றேன். தட்டு."

"என் கையால தட்டி எத்தனை வருஷமாச்சு தெரியுமா? கீபோர்டுல பாதி எழுத்து தேஞ்சிருக்கு."

மெகரு போனை ஒலிபெருக்கியில் போட்டாள். பூங்கோதை படித்தாள். அடைப்பு திற. புள்ளி. சமம், இன்னொரு சமம். அடைப்பு மூடு. அந்தப் பக்கம் விசைகளின் சத்தம் முதலில் ஒவ்வொன்றாக, பிறகு கொஞ்சம் சேர்ந்தாற்போல வந்தது. நடுவில் நாச்சிமுத்துவின் குரல். "என்னங்கம்மிணி, மந்திரமாட்டப் படிக்கறாங்க? செத்தவனுக்கா, இருக்கறவனுக்கா?"

"இருக்கறவங்களுக்குத்தான் ஐயா. பேசாம உக்காருங்க, மூச்சு வாங்குதுல்ல," என்று யாரோ அதட்டினார்கள். நர்ஸாக இருக்கும்.

"பேசறவரைக்கும்தானுங்க நானிருக்கறது உங்களுக்குத் தெரியும்," என்றார் அவர். அதன் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. பூங்கோதை படித்துக்கொண்டே அந்த மௌனத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தெட்டாவது வரியில் மெகரு நிறுத்தினாள்.

"இரு, இரு. மறுபடி சொல்லு."

"உப்பளவு, பெரியது என்ற குறி, எல்லை. அப்படி இருந்தால் வால்வைத் திற."

விசைச் சத்தம் நின்றது.

"தப்புடி."

"எழுதியிருக்கறதைத்தான் படிக்கறேன்."

"உப்பு எல்லையைவிட ஜாஸ்தியா இருந்தா திறக்கச் சொல்றே. கெட்ட தண்ணி வந்தாத் திற, நல்ல தண்ணி வந்தா மூடு. பத்துப் பேர் ரத்தத்துக்குள்ள போற தண்ணி கோதை அது."

பூங்கோதை தாளைப் பார்த்தாள். அந்தக் குறி அவள் கையெழுத்தில் அவளையே பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். அங்கே சரியாகத்தான் இருந்தது. அவள்தான் அவசரத்தில் திருப்பிப் போட்டிருந்தாள். மறுபடி படியில் வந்து உட்கார்ந்து, தாளில் அந்தக் குறியைத் திருத்தினாள்.

"சின்னது. சின்னதுதான். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அந்தப் பக்கம் மெகரு மூச்சை விட்டாள். பிறகு மெல்லச் சிரித்தாள். "பத்து வருஷமா ஒரு வரிகூட நான் படிச்சுப் பாத்ததில்லடி. கரம் குடுக்கும், நான் வாங்கிப் போடுவேன். படிச்சா இன்னும் புரியுது பாரேன்."

மீதி ஆறு வரிகளை இருவரும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் பேசிப் புரிந்துகொண்ட பிறகே தட்டினார்கள். நிரல் ஓடியது. டெக்னீசியன் வரும் தண்ணீரைக் கையளவு மீட்டரில் இரண்டு முறை சோதித்துப் பார்த்து, சரி என்றான். ஒரு இரைச்சல் கேட்டது, குழாயில் தண்ணீர் ஏறும் இரைச்சல். யாரோ கை தட்டினார்கள்.

"மொத ஆளா அவரைத்தான் படுக்க வெச்சிருக்காங்க," என்றாள் மெகரு. "ஊசி போடறப்பக்கூட, 'ரைட், போலாம்'ங்கறாரு."

பூங்கோதை கைப்பிடிச் சுவரில் தலையைச் சாய்த்தாள். மெகருவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இருபது நொடி. வைத்திருப்பு. "அப்ப அந்த லெட்டர்?" என்று மட்டும் கேட்டாள் மெகரு.

"அந்த வரி பொய்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே விட்டேன்."

"ம்," என்றாள் மெகரு. திட்டியிருக்கலாம்.

அன்று மாலை வேலை முடியும் நேரம். கரம் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பூங்கோதை எந்த அறிவிப்பை எழுதினாலும் அதை மனிதர் யாரும் படிப்பதில்லை. உள்ளே போட்டால் நூறில் ஒரு வாடிக்கையாளருக்கு அது தானாகவே போகும். பழைய வாசகத்தைவிட நன்றாக வேலை செய்தால் நிற்கும், இல்லையென்றால் இரண்டு நாளில் தானாகவே விழுந்துவிடும். 'அளவு நிறைவடைந்தது, சற்றுப் பொறுத்திருங்கள்' என்று வரும் இடத்தைத் திறந்தாள். எல்லாவற்றையும் அழித்தாள். ஏழு வருடத்தில் முதல் முறையாக யோசிக்காமல் எழுதினாள்.

'உங்கள் வேலை முடிந்துவிட்டது. அது எங்களிடம் இருக்கிறது. பணம் கட்டும்வரை தரமாட்டோம்.'

நூறில் ஒருவருக்குப் போனாலும் பல்லாயிரம் பேர். படிப்பார்கள். படம்பிடித்துப் பரப்புவார்கள். கத்துவார்கள். நாளையோ மறுநாளோ தன்னை வெளியே அனுப்புவார்கள். அனுப்பு என்பதை அழுத்தினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. உக்கடம் தாண்டும்போதுதான் கவனித்தாள், வாயில் அந்த ஆடை இல்லை. நாக்கு சுத்தமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோறும் தயிரும் மாத்திரம் சாப்பிட்டாள். சோற்றுக்குச் சோற்றின் ருசி இருந்தது.

வியாழனும் வெள்ளியும் அவள் லீவு போட்டாள். யாரும் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை காலை போனபோது, அவள் மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வெளியே அனுப்புவதற்கு இத்தனை பேர் எதற்கு என்று நினைத்தாள். பிரணவ் கையில் ஒரு மைசூர்பாகு டப்பா இருந்தது.

"வாங்கக்கா, வாங்க! உங்களைத்தான் பாத்துக்கிட்டே இருக்கோம்."

"பிரணவ், நான் அதைத் தெரிஞ்சேதான்..."

"தெரியும்கா, தெரியும். எங்களுக்கெல்லாம் தைரியம் இல்லாம இருந்துச்சு. உங்களுக்கு இருந்துச்சு. பழைய வாசகத்துல நூறுக்கு இருபத்திரண்டு பேர்தான் அவசர யூனிட் வாங்குனாங்க. உங்களோடதுல எத்தனை தெரியுமா? அறுபத்தொண்ணு! அதுவும் ஒரே நிமிஷத்துல. இத்தனை நாள், கட்டுனாலும் மெஷின் முடிக்குமா முடிக்காதாங்கற சந்தேகத்துலதான் ஜனங்க காத்திருந்திருக்காங்க. இப்ப முடிஞ்சுருச்சுன்னு தெரியுது. கண்ணு முன்னாடி இருக்கு. கட்டிடறாங்க."

"கோபப்படலையா யாரும்?"

"பட்டாங்க. திட்டிக்கிட்டே கட்டுனாங்க." சிரித்தான். "சனிக்கிழமை இருந்து எல்லாருக்கும் அதுதான் போகுது. சட்டம் பாக்கறவங்க அந்தக் கடைசி வரியை எடுக்கச் சொன்னாங்க. நான் விடலை. 'தரமாட்டோம்'. அதுதான்கா வேலை செய்யுது. வாயைத் திறங்க."

திறக்கவில்லை. ஆனால் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பேசுவதற்காக உதடு பிரிந்த நேரத்தில் அவன் ஒரு துண்டை உள்ளே வைத்துவிட்டான். நெய் வழியும் மைசூர்பாகு. அண்ணத்தில் போய் அப்பியது. துப்ப இடமில்லை. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. மெகரு. அதைச் சாக்காக வைத்து மாடிப்படிக்கு நடந்தாள். அதே படி.

"கோதை, நாச்சிமுத்து உன்னைக் கேட்டாரு. அந்த மந்திரம் படிச்ச அம்மிணி நல்லா இருக்காங்களான்னு. மூஞ்சி வீக்கமெல்லாம் வடிஞ்சுருச்சு. இன்னைக்கு முறைக்கு வந்துட்டாரு."

"ம்," என்றாள் பூங்கோதை, வாயைத் திறக்காமல்.

"இன்னொண்ணு. காலைல சூலூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு வேலை. நின்னுச்சு. ஆனா இந்தத் தடவ வேற மாதிரி வந்துச்சுடி. 'உங்கள் வேலை முடிந்துவிட்டது, எங்களிடம் இருக்கிறது'ன்னு. பாத்த உடனே தெரிஞ்சுருச்சு, இது நீ எழுதுனதுன்னு. நீதானே?"

"ம்."

"தெரியும். வேற எவன் இவ்வளவு நேராச் சொல்லுவான்? அன்னிக்கு உன்மேல ரொம்ப வருத்தமா இருந்துச்சுடி, மறைக்க மாட்டேன். ராத்திரியெல்லாம் அந்த வரியே ஓடுச்சு. இன்னைக்கு இதைப் பாத்தப்ப மனசு ஆறிருச்சு. திருடனா இருந்தாலும் முகத்தைக் காட்டிட்டுத் திருடறான், காட்ட வெச்சவ என் கோதைன்னு இருந்துச்சு."

பூங்கோதைக்கு ஏதோ பிடிபடத் தொடங்கியது. வாயில் இருந்த துண்டு கரைந்துகொண்டிருந்தது.

"நாமளே உக்காந்து எழுதலாம்னுதான் நெனச்சேன். அன்னிக்கு எழுதுனோமே, அந்த மாதிரி. நோட்டெல்லாம் எடுத்து வெச்சேன். அப்புறம் யோசிச்சேன், அதுதான் முடிஞ்சு ரெடியா இருக்கே. நீ எழுதுனா அது பொய்யா இருக்காது. அதனால," என்று மெகரு நிம்மதியாகச் சொன்னாள், "யோசிக்கவே இல்லடி. கட்டிட்டேன்."

பூங்கோதை விழுங்கினாள்.